பெயர் மாறும்போது உறுதியும் மாறுகிறது

2017 ஆம் ஆண்டு ஒக்டோபர் 18 ஆந் திகதி அமெரிக்காவின் அடோபி நிறுவனம் ஒரு காரியம் செய்தது. பத்தாண்டுகளாகத் தான் விற்று வந்த ‘லைட்ரூம்’ என்ற மென்பொருளை எடுத்து அதற்கு ‘லைட்ரூம் கிளாசிக் சீ.சீ.’ என்று பெயரிட்டது. அதே தினத்தில், அதுவரை சந்தையில் இல்லாத வேறொரு மென்பொருளை வெளியிட்டு அதற்கு ‘லைட்ரூம் சீ.சீ.’ என்று பெயர் சூட்டியது. இந்த இரண்டாவது பெயரும் புதிய பெயர் அல்ல. 2015 ஏப்ரல் தொடக்கம் பழைய மென்பொருளே அந்தப் பெயரில்தான் விநியோகிக்கப்பட்டு வந்தது. மூத்த மகன் உயிரோடு வீட்டில் இருக்கும்போதே அவனுடைய பெயரைப் பிடுங்கி, அன்று பிறந்த குழந்தைக்குச் சூட்டிவிட்டு, மூத்தவனை இனிமேல் ‘பழையவன்’ என்று கூப்பிடுங்கள் என்று அயலவர்களுக்கு அறிவித்தது போன்ற காரியம் இது.

லைட்ரூம் என்பது என்ன என்று அறியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. போட்டோஷொப் ஒரு படத்தை எடுத்துவைத்து அதில் நுணுக்கமாக வேலை செய்யும் பட்டறை. லைட்ரூம், ஆயிரக்கணக்கான படங்களை ஒழுங்குபடுத்தி, அவற்றின் ஒளியையும் நிறத்தையும் சீர்செய்து, பட்டியலிட்டு வைக்கும் களஞ்சியம். திருமணப் படப்பிடிப்பாளர்களும் பத்திரிகைப் படப்பிடிப்பாளர்களும் 2007 முதல் அதை நம்பித் தொழில் செய்து வந்தார்கள். பழைய லைட்ரூமில் படங்கள் உங்கள் கணினியில், உங்கள் வன்தட்டில் இருந்தன. புதியதில் மூலப் படங்கள் அடோபியின் சேர்வர்களுக்குச் சென்று குடியேறின. பெயர் ஒன்று, பொருள் வேறு. ‘லைட்ரூம் சீ.சீ.’ என்று அட்டையில் அச்சிட்டு விற்ற பாடநூல்களும் காணொளிப் பாடங்களும் ஒரே இரவில் வேறொரு பொருளைப் பற்றியவை ஆகிவிட்டன. அவற்றை வாங்கிய மாணவன் புதிய திரையைத் திறந்து வைத்துக்கொண்டு, நூலில் உள்ள பொத்தானைத் தேடி அலைந்தான்.

கணினிச் சஞ்சிகைகள் இதைக் ‘குழப்பமான பெயரிடல்’ என்று எழுதின. சந்தைப்படுத்தும் பகுதியினர் தடுமாறிவிட்டார்களாம். நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கோடிக்கணக்கான டொலர் புரளும் ஒரு நிறுவனம் தன் பொருளுக்குப் பெயர் வைப்பதில் தற்செயலாகத் தடுமாறுவதில்லை. எங்கள் ஊரில் காணியின் உரிமைப் பத்திரத்தை ‘உறுதி’ என்போம். நிழற்படம் செப்பனிடும் மென்பொருள்களின் வரலாற்றில், பெரிய பெயர் மாற்றங்கள் பலவற்றின் பின்னால் உறுதி மாறியிருக்கிறது. முன்பு உங்கள் பெயரில் இருந்தது இப்போது அவர்கள் பெயரில் இருக்கிறது. பெயர்ப்பலகையை மாற்றும் ஆரவாரத்தில் அந்த மாற்றம் கவனிக்கப்படாமல் போகவேண்டும் என்பதே நோக்கம்.

எல்லாப் பெயர் மாற்றங்களும் அப்படியா என்று கேட்கலாம். அல்ல. நியாயமான காரணங்களும் உண்டு. போட்டோஷொப்பின் கதையே பெயர் மாற்றத்தில்தான் தொடங்குகிறது. 1987 இல் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர் தோமஸ் நோல் தமது மெகின்டொஷ் கணினியில் எழுதிய நிரலுக்கு முதலில் ‘டிஸ்பிளே’ என்றுதான் பெயர். அவருடைய சகோதரர் ஜோன் நோல் திரைப்படத் தந்திரக் காட்சிகள் செய்யும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். இருவரும் சேர்ந்து அதை வளர்த்து ‘இமேஜ்புரோ’ என்று பெயரிட்டார்கள். அந்தப் பெயர் ஏற்கனவே வேறொருவருக்குச் சொந்தமாக இருந்தபடியால் கைவிட்டார்கள். பிறகு வந்ததே ‘போட்டோஷொப்’. முதலில் பார்னிஸ்கான் என்ற வருடி இயந்திரத்தோடு சுமார் 200 பிரதிகள் சென்றன. அப்போது அதன் பெயர் ‘பார்னிஸ்கான் எக்ஸ்.பீ.’. 1990 பெப்ரவரியில் அடோபி அதை முதற் பதிப்பாக வெளியிட்டது. இந்தப் பெயர் மாற்றங்களால் எவரும் எதையும் இழக்கவில்லை.

‘ஜிம்ப்’ என்ற இலவச மென்பொருளின் கதை இன்னொரு வகை. ஆங்கிலத்தில் அந்தச் சொல் உடல் ஊனமுற்றோரை இழிவுபடுத்தும் சொல் என்று சொல்லி, 2019 இல் சிலர் அதன் மூலநிரலை எடுத்து ‘கிளிம்ப்ஸ்’ என்ற பெயரில் தனியாக வெளியிட்டார்கள். ஈராண்டுகளில் முயற்சி நின்றுபோயிற்று. அவர்களது வாதத்தை ஏற்கலாம், ஏற்காமல் விடலாம். ஆனால் என்ன செய்கிறோம், ஏன் செய்கிறோம் என்பதை அவர்கள் வெளிப்படையாகச் சொல்லிவிட்டுச் செய்தார்கள். ஒளிவு மறைவு எதுவும் அதில் இருக்கவில்லை.

வெறும் அசட்டுத்தனமும் உண்டு. ஜாஸ்க் நிறுவனத்தின் ‘பெயின்ட் ஷொப் புரோ’வை 2004 இல் கோரல் வாங்கியது. 2006 இல் அது ‘பெயின்ட் ஷொப் புரோ போட்டோ’ ஆயிற்று. 2010 இல் ‘பெயின்ட்ஷொப் போட்டோ புரோ’ ஆயிற்று. 2011 இல் மறுபடியும் ‘பெயின்ட்ஷொப் புரோ’. நான்கு சொற்களைக் குலுக்கிப் போட்டு விளையாடியிருக்கிறார்கள். வாங்குபவருக்குத் தலைவலியே தவிர நட்டமில்லை. அதைச் சிரித்துவிட்டு விடலாம்.

சிரிக்க முடியாதது அடுத்தது. எண்கள் எப்படி மறைந்தன என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

ஆரம்பத்தில் போட்டோஷொப்புக்கு எண்கள் இருந்தன. 5, 6, 7. இலங்கையில் தமிழ்ப் பத்திரிகைக் காரியாலயங்களில் வேலை செய்தவர்கள் ஏழாம் பதிப்பை மறந்திருக்கமாட்டார்கள். 2002 இல் வெளியான அந்தப் பதிப்பும், பேஜ்மேக்கரும், பாமினி எழுத்துருவும் சேர்ந்து எத்தனையோ பத்திரிகைகளின் பக்கங்களை ஆண்டுக்கணக்கில் நிரப்பின. அடுத்த பதிப்பு வந்தபோது எங்களில் யாரும் அவசரப்படவில்லை. “எட்டில் என்ன இருக்கிறது, ஏழில் இல்லாதது?” என்று பக்க வடிவமைப்பாளர் கேட்பார். பதில் திருப்தி தராவிட்டால் ஏழோடு நின்றுவிடுவோம். எண்ணின் பெருமையே அதுதான். வாங்குபவன் கேள்வி கேட்க அது இடம் கொடுக்கிறது. இது முடிந்த பொருள், அது அடுத்த பொருள், இரண்டையும் ஒப்பிட்டுப் பார் என்று எண் சொல்கிறது.

(இந்த ஊரில் அந்நாட்களில் போட்டோஷொப்பை விலை கொடுத்து வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று சில நண்பர்கள் குறும்பாகக் கேட்பார்கள். சந்தைக் கடைகளில் சில நூறு ரூபாவுக்கு விற்ற இறுவட்டுக்களை நானும் கண்டவன்தான். திருட்டுப் பிரதிகள் பெருகியது உண்மை. ஆனால் உலகெங்கும் நூற்றுக்கணக்கான டொலர் கொடுத்து நேர்மையாக வாங்கியவர்களுக்கு நேர்ந்ததைத்தான் நான் இங்கே எழுதுகிறேன். திருடனைப் பிடிக்கிறேன் என்று சொல்லி வாடிக்கையாளனின் வீட்டுச் சாவியை வாங்கிக்கொள்வது எந்த ஊர் நியாயம்?)

2003 இல் எட்டாம் பதிப்பு ‘எட்டு’ என்ற பெயரில் வரவில்லை. ‘சீ.எஸ்.’ என்று வந்தது. ‘கிரியேட்டிவ் சூட்’ என்பதன் சுருக்கம். தனியாக நின்ற போட்டோஷொப் இப்போது ஒரு தொகுதியின் உறுப்பினர். சீ.எஸ்.2, சீ.எஸ்.3 என்று 2012 இல் சீ.எஸ்.6 வரை சென்றது. அதிலும் ஓர் எண் ஒட்டிக்கொண்டிருந்தது. 2013 இல் அதுவும் போயிற்று. ‘சீ.சீ.’, அதாவது ‘கிரியேட்டிவ் கிளவுட்’ வந்தது. எஸ் என்ற ஓர் எழுத்து சீ ஆனது. அந்த ஓர் எழுத்து மாற்றத்துக்குள்தான் விற்பனை முடிந்து வாடகை தொடங்கியது. சீ.எஸ்.6 ஐ ஒருமுறை பணம் கொடுத்து வாங்கலாம். போட்டோஷொப் தனியாக 699 டொலர். சீ.சீ. ஐ எவரும் வாங்க முடியாது. மாதா மாதம் பணம் கட்டினால் பாவிக்கலாம். கட்டுவதை நிறுத்தினால் கதவு பூட்டப்படும். எதிர்ப்புத் தெரிவித்துப் பல்லாயிரம் பேர் கையொப்பமிட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

அதன் பிறகு ஆண்டுகள் பெயராயின. சீ.சீ. 2014, சீ.சீ. 2015, சீ.சீ. 2017 என்று போய், பின்னர் சீ.சீ. என்ற ஒட்டும் உதிர்ந்து வெறும் ஆண்டு மட்டும் எஞ்சியது. ஏழு என்ற எண்ணுக்கு வயது தெரியாது. 2019 என்ற பெயருக்கு அடுத்த தை மாதமே வயது ஏறிவிடும். சென்ற வருட நாட்காட்டியைச் சுவரில் மாட்டி வைத்திருப்பவனைப் பார்ப்பது போல உங்களைப் பார்ப்பார்கள். பொருள் நன்றாக வேலை செய்கிறதா என்ற கேள்வியே எழாது. “இன்னும் அதையா பாவிக்கிறாய்?” என்ற கேள்விதான் எழும்.

அந்தக் கேள்வி வெறும் ஏளனத்தோடு நின்றுவிடவும் இல்லை. 2019 மே மாதத்தில் பழைய சீ.சீ. பதிப்புகளைப் பாவித்துக் கொண்டிருந்த சந்தாதாரர்களுக்கு அடோபி கடிதம் அனுப்பியது. இந்தப் பதிப்புகளைப் பாவிக்கும் உரிமம் இனி உங்களுக்கில்லை, தொடர்ந்து பாவித்தால் மூன்றாம் தரப்பினர் உங்கள்மேல் உரிமை மீறல் கோரிக்கை எழுப்பக்கூடும் என்று எச்சரித்தது. வாடகையை ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு வந்த கடிதம் இது. பழைய அறையிலேயே இருந்துவிடுகிறேன் என்று சொல்லவும் வாடகைக்காரனுக்கு உரிமையில்லை.

இப்போது லைட்ரூமுக்குத் திரும்புவோம். 2013 இல் போட்டோஷொப் வாடகைக்குப் போனபோது லைட்ரூம் பாவனையாளர்கள் அஞ்சினார்கள். அவர்களுக்கு அடோபி பகிரங்கமாகவே பதில் சொன்னது. லைட்ரூமின் எதிர்காலப் பதிப்புகள் வழமையான நிரந்தர உரிமத்தோடு கால வரையறையின்றிக் கிடைக்கும் என்றது. ‘லைட்ரூம் சீ.சீ.’ என்று வேறொரு பதிப்பு வருமா என்ற கேள்விக்கு, வராது என்றே பதில் கொடுத்தது. ஈராண்டுக்குள் லைட்ரூம் சீ.சீ. வந்தது. அதற்குப் பக்கத்தில் ‘லைட்ரூம் 6’ என்று அதே மென்பொருள் நிரந்தர உரிமத்தோடும் விற்கப்பட்டது. நாலரை ஆண்டுக்குள், 2017 ஒக்டோபரில், ஆறாம் பதிப்பே நிரந்தர உரிமத்தின் கடைசிப் பதிப்பு என்று அறிவித்தார்கள்.

‘கால வரையறையின்றி’ என்ற சொல்லின் ஆயுள் இவ்வளவுதான். ஆனால் வாக்குத் தவறியதைச் செய்தியாக்குவது கடினமாயிற்று. காரணம், அன்றைய தலைப்புச் செய்தியைப் பெயர் விளையாட்டு பிடித்துக்கொண்டது. எது கிளாசிக், எது சீ.சீ., எதற்கு எது பதில் என்று விளக்குவதிலேயே செய்தியாளர்களின் பத்திகள் தீர்ந்துபோயின. முப்பது வருடமாகச் செய்திக்குத் தலைப்புப் போட்டுப் பிழைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கசப்பான செய்தியை மறைப்பதற்கு அதை மௌனமாக்க வேண்டியதில்லை. அதே நாளில் குழப்பமான இன்னொரு செய்தியைக் கொடுத்தால் போதும்.

‘கிளாசிக்’ என்ற சொல்லையும் சற்றுப் பார்க்க வேண்டும். 1985 ஏப்ரலில் கொக்கா கோலா தன் பானத்தின் சுவையை மாற்றியது. மக்கள் கொதித்தெழுந்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் பழைய பானம் ‘கொக்கா கோலா கிளாசிக்’ என்ற பெயரோடு திரும்பி வந்தது. அங்கே ‘கிளாசிக்’ என்பது மக்கள் கேட்டதை மக்களுக்குத் திருப்பிக் கொடுத்ததன் அடையாளம். லைட்ரூமில் அது ஓய்வூதியக் கடிதம். நீங்கள் இதுநாள் வரை தொழிலுக்குப் பாவித்த கருவியை அருங்காட்சியகத்தின் வாசலுக்கு நகர்த்தி வைக்கிறார்கள். இன்றைக்கும் அது உயிரோடு இருக்கிறது, புதுப்பிக்கவும் படுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. 2019 இல் இரண்டு பெயர்களிலிருந்தும் சீ.சீ. நீக்கப்பட்டபின் மூத்தவன் ‘லைட்ரூம் கிளாசிக்’, இளையவன் வெறும் ‘லைட்ரூம்’. சொந்தப் பெயர் யாரிடம் இருக்கிறதோ அவரே வாரிசு. மைக்ரோசொப்ட்டும் இதே வழியில் தனது பழைய படச் செயலிக்கு ‘போட்டோஸ் லெகசி’ என்று பெயரிட்டது. லெகசி என்றால் மரபுரிமை. இறந்தவர் விட்டுச் சென்றதைத்தான் சாதாரணமாக அப்படிச் சொல்வோம்.

அடோபியை மட்டும் குற்றஞ்சாட்டுவது நியாயமல்ல. கூகிள் 2004 இல் ‘பிக்காசா’வை வாங்கியது. சின்னஞ்சிறு மென்பொருள், இலவசம், உங்கள் கணினியிலுள்ள படங்களை அங்கேயே வைத்து ஒழுங்குபடுத்தித் தரும். புலம்பெயர்ந்த எத்தனையோ குடும்பங்களின் திருமணங்களும் பிறந்தநாட்களும் அதில் அடுக்கப்பட்டிருந்தன. 2015 இல் ‘கூகிள் போட்டோஸ்’ வந்தது. 2016 மார்ச்சில் பிக்காசாவுக்கு மூடுவிழா. கூகிள் போட்டோஸில் படங்கள் இருப்பது கூகிளின் சேர்வரில். எல்லையற்ற இலவச இடம் என்று அழைத்துப் போனார்கள். 2021 ஜூன் முதலாந் திகதியிலிருந்து புதிதாக ஏற்றப்படும் படங்கள் 15 கிகாபைட் கணக்கில் சேரும், அதற்கு மேல் வேண்டுமானால் பணம் என்றார்கள். முதலில் பெயர் மாறியது, பிறகு இடம் மாறியது, கடைசியில் கட்டணம் வந்தது. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 699 டொலரை ஒரேயடியாகக் கொடுக்க எந்த இளைஞனால் முடியும்? மாதம் 10 டொலர் என்றால் இன்றே தொழிலைத் தொடங்கலாம் அல்லவா? லைட்ரூமையும் போட்டோஷொப்பையும் சேர்த்து 9.99 டொலருக்கு 2013 இல் கொடுத்தார்கள். கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ ஆறு வருடம் கட்டினால்தான் பழைய விலை வரும். புதிய பதிப்புக்கு மாறும் செலவையும் கூட்டினால் வாடகை இலாபமாகவே தெரியும். இதைச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. பலருக்கு அது உண்மையில் உதவியாக இருந்தது.

ஆனால் வாடகையை நிர்ணயிப்பவர் யார்? அந்த 9.99 டொலர்த் திட்டத்தைப் புதியவர்களுக்குக் கொடுப்பதை 2025 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள். ஏற்கனவே மாதா மாதம் கட்டி வந்தவர்களுக்கு அது 14.99 ஆயிற்று. அதே ஆண்டு ஜூனில் வட அமெரிக்காவில் ‘கிரியேட்டிவ் கிளவுட் ஓல் அப்ஸ்’ என்ற முழுத் தொகுதிக்கு ‘கிரியேட்டிவ் கிளவுட் புரோ’ என்று பெயர் மாற்றினார்கள். மாதம் 59.99 ஆக இருந்த தனியாள் கட்டணம் 69.99 ஆயிற்று. செயற்கை நுண்ணறிவு வசதிகள் கூடுதலாகத் தருகிறோம் என்பது காரணம். அந்த வசதிகள் வேண்டாம் என்கிற பழைய சந்தாதாரர் ‘ஸ்டாண்டர்ட்’ என்ற இன்னொரு பெயருக்குத் தாமாகத் தேடிப்போய் மாறிக்கொள்ள வேண்டும். ஒன்றும் செய்யாமல் இருந்தவர் தானாகவே ‘புரோ’ ஆகி, கூடுதலாகக் கட்டினார். கட்டணத்தை 10 டொலர் உயர்த்துகிறோம் என்று அறிவித்தால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். உங்களைப் ‘புரோ’ ஆக்கியிருக்கிறோம் என்று அறிவித்தால் ஒரு கணமாவது மகிழ்வார். பெயர் மாற்றத்தின் பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் என்னிடமில்லை.

வெளியேறுவதும் எளிதல்ல. ஆண்டு ஒப்பந்தத்தை மாதத் தவணையில் கட்டும் திட்டத்தில், முதலாண்டில் இடையில் விலகினால் எஞ்சிய தவணைகளில் பாதியைக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை அடோபி தெளிவாகச் சொல்லாமல் மறைத்தது என்று குற்றஞ்சாட்டி, 2024 ஜூனில் ஐக்கிய அமெரிக்க அரசே வழக்குத் தொடுத்தது. அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணைக்குழுவின் முறைப்பாட்டில் எழுந்த வழக்கு அது. கடையில் வாங்கிய ஏழாம் பதிப்பிலிருந்து விலகுவதற்கு எவரும் எவருக்கும் எதுவும் கட்டியதில்லை.

இலங்கையில் இருந்து எழுதுபவன் டொலரைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். 2022 இன் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. அந்த வருடம் மே மாதத்தில் 360 ரூபா. மாதம் 10 டொலர் வாடகை என்று வைத்துக்கொண்டால், கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ சிறு படப்பிடிப்பு நிலையம் நடத்தும் ஒருவர் கட்டவேண்டிய 2,000 ரூபா மூன்றே மாதத்தில் 3,600 ரூபாவாக மாறியது. எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலம். திருமணங்கள் குறைந்த காலம். சொந்தமாக வாங்கிய கருவி என்றால் அந்த இருண்ட மாதங்களில் அது சும்மா மேசையில் இருந்திருக்கும், ஒரு சதமும் கேட்டிராது. வாடகைக் கருவி வரிசையில் நிற்பவனிடமும் கைநீட்டும்.

பணம் இருந்தாலும் போதாத சந்தர்ப்பமும் வரலாம். 2019 ஒக்டோபரில், அமெரிக்க ஜனாதிபதியின் நிறைவேற்று ஆணையைக் காரணங்காட்டி, வெனிசுவேலாவிலுள்ள கணக்குகள் அனைத்தையும் முடக்கப்போவதாக அடோபி அறிவித்தது. மாத இறுதியில் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தபின் அந்த முடிவு கைவிடப்பட்டது. எனினும் அந்தச் சில வாரங்கள் கராகஸ் நகரத்துப் பத்திரிகைப் படப்பிடிப்பாளர் ஒருவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சீ.எஸ்.6 இறுவட்டை அலுமாரியில் வைத்திருந்த அவருடைய சக ஊழியருக்கு அந்த ஆணை ஒரு செய்தி மட்டுமே.

எனக்கு இதில் உள்ள அக்கறை தொழில் சார்ந்தது. ஒரு பத்திரிகையின் உயிர் அதன் படக் களஞ்சியத்தில் இருக்கிறது. போர்க்காலத்துப் படங்கள், 2004 மார்கழி ஆழிப்பேரலைப் படங்கள், கோவில் திருவிழாக்கள், மறைந்த மனிதர்களின் முகங்கள். சுருளில் எடுத்த காலத்தில் எதிர்ச்சுருள் ஒரு உறையில் கிடந்தது, உறையின்மேல் பென்சிலால் திகதி எழுதியிருந்தோம். கறையான் அரிக்கலாம், தீப்பிடிக்கலாம், ஆனால் அதைப் பார்க்க எவருடைய அனுமதியும் வேண்டியிருக்கவில்லை. இன்று லைட்ரூம் கிளாசிக்கில் சந்தா முடிந்தால் படங்கள் அழிந்துபோவதில்லை, அதைப் பெரிதுபடுத்த நான் விரும்பவில்லை. படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம். ஆனால் ஒளியையும் நிறத்தையும் திருத்தும் பகுதி பூட்டப்பட்டுவிடும். பத்து வருடம் ஒவ்வொரு படத்திலும் செய்த திருத்தங்களைத் தொட்டு மாற்ற முடியாது. எழுதிய குறிப்பேடு உங்களுடையது, பேனா வாடகைக்கு.

வேறொரு வேடிக்கையும் உண்டு. ‘போட்டோஷொப் செய்தது’ என்று நாம் தமிழிலும் சொல்கிறோம். பொய்ப்படம் ஒன்று முகநூலில் வந்தால் கிராமத்துப் பெரியவர் கூட “இது போட்டோஷொப் தம்பி” என்கிறார். ஆங்கில அகராதிகளிலேயே அது வினைச்சொல்லாக ஏறிவிட்டது. அடோபியோ தன் வணிகக் குறி பற்றிய அறிவுறுத்தலில் அப்படிச் சொல்லாதீர்கள் என்கிறது. அதற்குச் சட்டக் காரணம் உண்டு. பெயர் பொதுச்சொல் ஆகிவிட்டால் உரிமை பறிபோகும். அமெரிக்காவில் 1921 இல் பேயர் நிறுவனம் ‘அஸ்பிரின்’ என்ற பெயரின்மேல் இருந்த தனியுரிமையை அப்படித்தான் இழந்தது. 1950 இல் ஓட்டிஸ் நிறுவனம் ‘எஸ்கலேற்றர்’ என்ற சொல்லை இழந்தது. ஆகவே பொதுமக்கள் போட்டோஷொப் என்ற சொல்லைக் கண்டபடி பாவிக்கக் கூடாது. ஆனால் நிறுவனம் பாவிக்கலாம். போட்டோஷொப் எலிமென்ட்ஸ், போட்டோஷொப் அல்பம், போட்டோஷொப் எக்ஸ்பிரஸ், போட்டோஷொப் ஃபிக்ஸ், போட்டோஷொப் மிக்ஸ், போட்டோஷொப் கமரா. லைட்ரூம்கூட 2007 இல் ‘போட்டோஷொப் லைட்ரூம்’ என்றே கடைக்கு வந்தது. இவற்றில் பலவற்றுக்கும் மூலப் போட்டோஷொப்புக்கும் இடையில் குடும்பப் பெயரைத் தவிர வேறு உறவு குறைவு. அவற்றில் சில இன்று இல்லை. மக்கள் முப்பது வருடம் நம்பிச் சேர்த்த நற்பெயரைக் கடன்சீட்டுப் போல ஒவ்வொரு புதுச்சரக்கின் மேலும் ஒட்டி மாற்றிக்கொள்கிறார்கள். அந்த நற்பெயரைச் சேர்த்ததில் பாவனையாளனுக்குப் பங்கில்லையா?

பெயர் மாற்றுவதைத் தடைசெய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. பத்திரிகைகளே பெயர் மாற்றிக்கொள்ளும்போது மென்பொருளுக்கு மட்டும் தடை போட முடியாது. நான் கேட்பது சிறியது. உணவுப் பொதியின் மேல் நிறையும் காலாவதித் திகதியும் அச்சிட வேண்டும் என்று சட்டம் இருப்பதுபோல, மென்பொருளின் பெயருக்குப் பக்கத்தில் ‘விற்பனை’ என்றோ ‘வாடகை’ என்றோ ஒரு சொல், அதே அளவு எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு பொருளின் பெயரைப் பிடுங்கி வேறு பொருளுக்கு வைத்தால், பழைய பெயரில் வாங்கியவர்களுக்கு உரிய காலத்துக்கு முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். எங்கள் நாட்டின் பாவனையாளர் அதிகாரசபை அரிசி விலையோடு அல்லாடுகிறது, அதனிடம் இதைக் கேட்பதில் பயனில்லை என்பது தெரியும். ஐரோப்பாவிலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வாழும் நம்மவர்கள் தங்கள் நாட்டு அமைப்புகளிடம் கேட்கலாம்.

கடைசியாக ஒரு செய்தி. அடோபியின் வாடகைக்கு மாற்றாகப் பலர் தேடிப்போன மென்பொருள் ‘அஃபினிட்டி போட்டோ’. 2015 இல் பிரித்தானியாவின் செரிஃப் நிறுவனம் வெளியிட்டது. ஒருமுறை பணம், அதன் பின் தொல்லையில்லை. 2024 மார்ச்சில் செரிஃப்பை அவுஸ்திரேலியாவின் கன்வா வாங்கியது. நிரந்தர உரிமம் எப்போதும் கிடைக்கும் என்று அப்போது வாக்குக் கொடுத்தார்கள். 2025 ஒக்டோபர் 30 ஆந் திகதி ‘அஃபினிட்டி போட்டோ’ என்ற பெயர் போயிற்று. அதன் இரு சகோதர மென்பொருள்களையும் சேர்த்து வெறும் ‘அஃபினிட்டி’ என்று ஒன்றாக்கி, இலவசம் என்று அறிவித்தார்கள். ஆனால் கன்வா கணக்கு ஒன்று திறக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு வசதிகள் வேண்டுமானால் கன்வாவுக்கு மாதச் சந்தா. நல்லெண்ணத்தோடு செய்திருக்கலாம், இன்று அதைப் பாவிப்பவர்களுக்கு இலாபம்தான். நானும் தரவிறக்கிப் பார்த்தேன், நன்றாகவே இருக்கிறது. இருந்தாலும் முன்பு காசு கொடுத்து வாங்கிய இரண்டாம் பதிப்பை வைத்திருக்கும் நண்பர்களிடம் ஒன்று சொல்லியிருக்கிறேன். நிறுவற் கோப்பையும் உரிமச் சாவியையும் வேறொரு வன்தட்டில் பிரதி எடுத்து, பெட்டியின் மேல் திகதியை எழுதி வையுங்கள்.